ஆள் கூடின ஆட்டம்

ஆளில்லாத அணிக்கு ஆள் கூடிப்போயிற்றென்று தண்டனை விழுந்தது.

இரண்டாயிரத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மொன்ட்ரியாலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஆற்றங்கரையோரம் இருந்த ஒரு சின்னக் கல்லூரியின் மைதானத்தில் அது நடந்தது. காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, பந்தை வயிற்றோடு அணைத்தபடி ஓடுகிற, ஓடுகிறவனை இடித்து விழுத்துகிற அமெரிக்கன் புட்போல். கனடாச் சட்டப்படி மைதானத்தில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பெரிய கல்லூரிகள் பஸ் நிறையப் பெடியன்களைக் கொண்டுவந்து இறக்கும். இந்தக் கல்லூரிக்கு அதில் பாதிகூட இல்லை. கால் மடங்கினவன், காய்ச்சல்காரன், பரீட்சையில் கோட்டை விட்டவன் என்று கழித்துப் பார்த்தால், மாற்றி இறக்க ஆளில்லாமல் பயிற்சியாளர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அப்படிப்பட்ட அணியைப் பார்த்துத்தான் நடுவர் செம்மஞ்சள் துணியை நிலத்தில் எறிந்து, பதின்மூன்று பேர் நிற்கிறார்கள் என்று பத்து யார் பின்னுக்குத் தள்ளினார்.

பார்வையாளர் பலகையில் இருந்த இலட்சுமிப்பிள்ளைக்கு ஆட்டத்தின் சட்டதிட்டம் ஒன்றும் தெரியாது. பந்தோடு ஓடுகிறவன் தன் மகன் நிர்மலன் என்பது மட்டும் தெரியும். பக்கத்திலிருந்த புருஷனைக் கேட்டாள்.

"இஞ்சாருங்க, என்னத்துக்கு ஊதினவன்?"

"ஆள் கூடிப்போச்சாம்."

"எங்கட பக்கத்திலயா? நல்ல கதை. இரிக்கிறதே எண்ணி எடுத்த ஆக்கள்தானே."

"கண்ணகை அம்மன் சடங்குக்குக் கொம்பு இழுக்கக்குள்ள தென்சேரிக்காரன் கயித்தில கள்ள ஆள் விடுறல்லா, அப்பிடியாக்கும்" என்றார் அரியரத்தினம். மட்டக்களப்பை விட்டு வந்து எத்தனையோ பனி கண்டும், தென்சேரி மேல் இருந்த கறள் அவருக்குப் போகவில்லை. அவர் வடசேரி; சடங்கில் ஊர் இரண்டு சேரியாய்ப் பிரிந்து, கொம்புகளைக் கோத்துக் கயிறு கட்டி இழுக்கும்.

பயிற்சியாளர் ஓடிப்போய் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு. நடுவரும் எண்ணினார். பன்னிரண்டு. நடுவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேர்க்கிற நாளல்ல அது. ஆற்றுக்காற்று ஊசியாய்க் குத்தியது. ஆனாலும் எறிந்த துணி எறிந்ததுதான்.

இலட்சுமிப்பிள்ளையும் எண்ணியிருந்தாள். ஷபனெல் தெருவில் உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவளுக்கு, வெட்டின துண்டுகளை நந்நான்காய்ப் பார்த்தே கணக்கு வைக்கிற கண். நாலு, நாலு, நாலு. பிறகு ஒன்று. அந்த ஒன்று நிர்மலனின் இடது பக்கத்தில், தலைக்கவசம் இல்லாமல் நின்றது. கண்ணை மூடித் திறந்தாள். இல்லை.

*

அணிக்குப் பிரெஞ்சில் பெயர் 'லே ஹிபூ'. ஆந்தைகள். முதல் நாள் மகன் கொண்டுவந்த தலைக்கவசத்தில் ஆந்தை முழிப்பதைக் கண்டதும் அவள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஒலகத்தில வேற குருவி கிடைக்கல்லியாமா மன உங்கட காலேச்சுக்கு?" மகனை அவள் 'மன' என்றுதான் கூப்பிடுவாள்.

"அம்மா, இஞ்ச ஆந்தை எண்டா புத்தி."

"நம்மட ஊரில ஆந்தை எண்டா இழவு."

சின்ன அணி என்றபடியால் தாய்தகப்பன் ஆளுக்கொரு வேலை செய்ய வேண்டும். ஒருவர் தண்ணீர் நிரப்புவார், இன்னொருவர் வான் ஓட்டுவார். இலட்சுமிப்பிள்ளைக்குத் தையல் வந்தது. திங்கட்கிழமை பின்னேரங்களில் நிர்மலன் கிழிந்த ஜேர்சிகளைப் பையில் அள்ளிக்கொண்டு வருவான். புல்லும் சேறும் பெடியன்களின் வேர்வையும் மணக்கும். பக்கத்துக் கார்ட்டியர்வில்லில், அரியரத்தினம் காவலும் கூட்டிப் பெருக்கலுமாய்ப் பார்க்கிற கட்டிடத்தின் கீழ்வீட்டில், ஜன்னலோரம் அவளுடைய மெசின். தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் அந்த ஜன்னலில் தெரியும்.

முதல் ஆட்டத்திலேயே ஒரு பெடியனின் கால் எலும்பு முறிந்த சத்தம் பலகைவரை கேட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியைத் திறந்து மூத்தவன் உதயனின் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்தாள். கொலரின் உட்புறத்தில் விரலகலத் துண்டொன்றை வெட்டி, நிர்மலனின் ஜேர்சிக் கழுத்துக்குள் வைத்துத் தைத்தாள். அது அவளுடைய தாய்வழியில் இருந்த வழக்கம். இளையது ஆபத்தான வேலைக்குப் போனால் மூத்ததின் உடுப்பில் ஒரு துண்டு இளையதின் உடுப்பில் இருக்க வேண்டும். மூத்தது இளையதைக் காக்கும். அந்த வழக்கத்துக்கு ஒரே ஒரு கட்டு உண்டு: மூத்தது உயிரோடு இருக்க வேண்டும்.

உதயனைத் தொண்ணூறாம் ஆண்டு மட்டக்களப்பு அகதி முகாமில் வைத்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அப்போது அவனுக்கு இப்போதைய நிர்மலனின் வயது. நிர்மலன் கைக்குழந்தை. கொண்டுபோனவர்கள் வாவிக்கரைப் பக்கம் போனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். திரும்பி வந்ததைக் கண்டவர்கள் இல்லை. உடலும் இல்லை. இழவு சொல்ல வந்தவர்களை இலட்சுமிப்பிள்ளை முற்றத்தோடு திருப்பி அனுப்பினாள். அன்று தொட்டு அவள் உலை வைக்கும்போது ஒரு சிறங்கை அரிசி கூடப் போடுவாள். வந்தால் சாப்பிட வேண்டுமே. மொன்ட்ரியாலுக்கு வந்த பிறகும் அந்தச் சிறங்கை நிற்கவில்லை. மிச்சச் சோற்றில் அரியரத்தினம் காலையில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு வாசலைக் கூட்டப் போவார்.

*

"பாயோட ஆளை ஒட்டவைக்கிற ஊர்க்காரர் எல்லே நீங்கள்" என்றாள் சிவநேசம். யாழ்ப்பாணத்துக்காரி, தொழிற்சாலையில் பக்கத்து மெசின். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மட்டக்களப்பார் வந்தவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்பது பழைய பேச்சு. "பதின்மூண்டாம் ஆளை நீங்கள்தான் மந்திரிச்சு இறக்கியிருப்பியள். என்ரை மோன் சொன்னவன், மூண்டாந்தரமாம் துணி எறிஞ்சு. பள்ளிக்கூடம் முழுக்க இதே கதைதானாம்."

"நான் மந்திரிச்சா வெண்டிரிப்பமே. ஒவ்வொரு கிழமையும் தோக்கிறம்."

"அது சரி. உங்கடை மந்திரத்துக்கு இங்கிலீசு, பிரெஞ்சு விளங்காதாக்கும்." சிவநேசம் அவளுடைய கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். "அதென்னக்கா, சொதிக்கு மீசை வைச்ச மாதிரி?"

"முருங்கையிலைப் பாலாணம். வாயத் திறந்து சாப்பிட்டுப் பாரு, மறுகா சொதியத் தொடமாட்டாய்."

சிவநேசம் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பகிடி விடுறன் எண்டு நினைக்காதேங்கோ அக்கா. பெடியள் அந்த ஆளுக்கெண்டு உடுப்பு மாத்திற அறையில ஒரு கொழுக்கி விட்டிருக்கினமாம். தண்ணிப் போத்திலும் வைப்பினமாம். ஆட்டம் முடிஞ்சு வரேக்க போத்தில் வெறுமையாம்."

இலட்சுமிப்பிள்ளை கோப்பையை மூடினாள். பசி போய்விட்டது. ஆனால் உள்ளுக்குள் கிளம்பியது பயம் இல்லை. அது ஒரு கள்ளச் சந்தோசம். வந்திருக்கிறான். எப்படியோ, எந்த வழியாலோ, தாகத்தோடு வந்திருக்கிறான்.

*

அந்தச் சந்தோசத்தை அடுத்த திங்கட்கிழமை நிர்மலனே உடைத்தான். புட்டும் மீன்குழம்பும் வைத்துக்கொடுத்துவிட்டு அவள் ஜேர்சிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அரியரத்தினம் கால்களை வெந்நீரில் விட்டபடி கதிரையில் இருந்தார்.

"அம்மா, உங்களிட்ட ஒண்டு கேக்கணும். சிரிக்கப்படா."

"கேளு."

"ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னுக்கும் வட்டமா நிண்டு தோளில கைபோட்டுக் கதைப்பமே, என்ட இடது தோளில ஒரு கை இரிக்கி. கையுறை இல்லாத கை. நல்லா ஈரம். முதல்ல கூட விளையாடுற மத்தியு எண்டு நினைச்சன். மத்தியு மற்றப் பக்கம் நிண்டவன்."

அரியரத்தினம் காலை வெந்நீரிலிருந்து எடுத்தார்.

"மறுகா ஓடக்குள்ள காதுக்குள்ள கேக்கும். 'கிறுகு' எண்டு. நான் கிறுகிருவன். இடிக்க வந்தவன் வெறும் காத்த இடிச்சிட்டு விழுவான். எங்கட அணியில எவனுக்கு அம்மா தமிழ் தெரியும்? அதுவும் கிறுகு எண்டு எங்கட வீட்டிலதானே சொல்லுற." திரும்பு என்பதை மட்டக்களப்பில் கிறுகு என்பார்கள்.

"காப்பாத்துறான் எண்டு சொல்லு" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"ஆரு?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள். நிர்மலன் புட்டைப் பிசைந்தபடி, "குட்டான் எண்டா ஆரும்மா?" என்று கேட்டான்.

ஊசி கையிலிருந்து விழுந்தது.

"'குட்டான், கிறுகு' எண்டுதான் சொல்லுற. என்னையா குட்டான் எண்டுற?"

குழந்தைக்கு நிர்மலன் என்று பெயர் வைப்பதற்கு முன்பே உதயன் வைத்த பெயர் அது. அவன் ஒருவன்தான் அப்படிக் கூப்பிடுவான். அவன் போன பிறகு அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை.

நிர்மலன் குளிக்கப் போனபின் அரியரத்தினம் எழுந்து வந்து ஜேர்சியின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். நீலத்துக்குள் வெள்ளைத் துண்டு பல்லைப்போலத் தெரிந்தது.

"ஆருட துணி இது?"

"தெரிஞ்சுகொண்டு கேக்காதீங்க."

"இரிக்கிறவன்ட துணியத்தான் தைக்கிற, இலட்சுமி. உன்ட அம்மாதான் எனக்குச் சொல்லித் தந்தவ."

"இரிக்கிறவன்ட துணியத்தான் நானும் தைச்சன்."

"இரிக்கிறவன் எண்டா கதவைத் தட்டிக்கொண்டு வருவான். இப்பிடி ஈரக்கையோட வரமாட்டான்." அவர் குரலை உயர்த்தவில்லை. "பிரிச்சுப் போடு. கோயில் ஐயரிட்டக் கேட்டு அவனுக்குரிய கடமையச் செய்வம்."

"என்ட புள்ளைக்குக் கொள்ளி வைக்கச் சொல்லுறீங்களா?"

"வைக்காமத்தானே அவன் இன்னும் நடந்து திரியிறான்."

அவள் ஜேர்சியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தத் துண்டைப் பிரித்தால், அவன் செத்துப்போனான் என்று அவளே தன் கையால் எழுதிக்கொடுத்த மாதிரி. பதினாறு வருடமாய்ப் போட்ட சிறங்கையெல்லாம் வெறும் சோறாகிவிடும்.

*

ஐப்பசியில் ஆறு கறுத்தது. மைதானத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஓடுபாதையும் பற்றைகளும் ஒரு சரிவும் மட்டுமே. மறுகரையில் லவால் நகரத்தின் வெளிச்சங்கள். பயிற்சி முடிகிற பின்னேரம் அரியரத்தினம் மகனைக் கூட்டிவரப் போவார். அன்று தாயும் கூடப் போனாள். கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

நிர்மலன் பந்தை வாங்கி ஓடினான். கோட்டைத் தாண்டினான். ஊதினார்கள். நிற்கவில்லை. ஓடுபாதையைத் தாண்டினான். பயிற்சியாளர் பெயர் சொல்லிக் கத்தினார். பற்றைக்குள் புகுந்தான். அரியரத்தினம் வேலியைச் சுற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஓடினார். அவள் அவருக்கும் முன்னால் ஓடினாள்.

முழங்கால்வரை தண்ணீரில் நின்றான். பந்தை இன்னும் வயிற்றோடு அணைத்திருந்தான். முகத்தில் பயம் இல்லை. இடையில் கூப்பிட்டுக் குழப்பிவிட்டார்களே என்ற முகம்.

"என்ன மன, என்ன வேலை இது? வா வெளிய!"

"முன்னால ஓடினவனுக்குப் பின்னால ஓடினன்."

பந்தை வைத்திருக்கிறவனுக்கு முன்னால் ஒருவன் ஓடி, இடிக்க வருகிறவர்களை இடித்து வழிவிடுவான். அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. அதைத்தான் மாதக்கணக்காகப் பழக்கியிருந்தார்கள்.

"ஆரு முன்னால ஓடினது?"

"வெள்ளைச் சட்டை போட்டவன்." நிர்மலன் ஆற்றைப் பார்த்தான். "இப்ப கிறுகு எண்டு சொல்லுறல்ல அம்மா. வா எண்டு சொல்லுறான். வழி விட்டுத்தான் இரிக்கி எண்டுறான்."

அவள் தண்ணீரில் இறங்கி மகனின் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தாள். விரலுக்குள் அந்தத் துண்டு அகப்பட்டது. ஜேர்சி மேற்பக்கம் காய்ந்திருந்தது. துண்டு மட்டும் பிழிந்தால் வடியும்போல நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்தார்கள். உலை வைக்கும்போது அரிசிப் பானைக்குள் கையை விட்டவள், சிறங்கையை அள்ளுவதா விடுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றாள். கடைசியில் அள்ளினாள்.

"இனி ஆடப் போகவேணாம் மன" என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு ஆட்டந்தான் மிச்சம். நான் போகாட்டி ஆள் காணாது. ஆட்டத்தையே விட்டுக்குடுக்கணும். மற்றவங்கட முகத்தில எப்பிடி முழிக்கிற?"

அது உண்மை. பன்னிரண்டுக்கே தட்டுப்பாடு.

*

கடைசி ஆட்டத்தன்று காலையிலேயே பனி பூத்தூறலாய் விழத் தொடங்கியது. பலகைகளை ஒருவர் கூட்டித் தள்ளத் தள்ள மறுபடி வெள்ளை படிந்தது. இலட்சுமிப்பிள்ளை தொழிற்சாலையில் கழுத்தில் தொங்கவிடுகிற நூல் வெட்டும் சின்னக் கத்தரியைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கொண்டுவந்ததைப் புருஷனுக்குச் சொல்லவில்லை.

முதல் பாதியில் இரண்டு தரம் துணி விழுந்தது. இரண்டாம் தரம் பெடியன்கள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் 'எங்கட பதின்மூன்றாமவன்' என்று தோளில் தட்டிக்கொள்கிறவர்கள், இப்போது ஒருவரையொருவர் பாராமல் நின்றார்கள். நிர்மலன் நடுவரைப் பார்க்கவில்லை. அவன் பார்வை ஆற்றுப்பக்கம் இருந்தது. அவள் எண்ணினாள். நாலு, நாலு, நாலு. அந்த ஒன்று இப்போது அவன் பக்கத்தில் இல்லை. சரிவின் விளிம்பில், பனிக்குள் வெள்ளையாய், காத்துக்கொண்டு நின்றது. மெலிந்த தோள். ஒரு பக்கம் சரிந்து நிற்கிற நிலை. பெற்றவளுக்கு முகம் தேவையில்லை.

இடைவேளைக்கு ஊதினதும் அவள் பலகையிலிருந்து இறங்கினாள்.

"எங்க போறாய்?" என்றார் அரியரத்தினம்.

"வாறன்."

கோட்டோரம் போய் மகனைக் கூப்பிட்டாள். பயிற்சியாளர் ஏதோ பிரெஞ்சில் சொல்லித் தடுத்தார். அவள் கத்தரியைக் காட்டி, கிழிந்துபோய்விட்டது என்று சைகை செய்தாள். அணியின் தையல்காரியென்று அவர் விட்டுவிட்டார்.

"குனி மன."

அவன் குனிந்தான். அவள் கழுத்தைத் திருப்பித் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். தானே போட்ட தையல், இறுக்கிப் போட்டது, விறைத்த விரலுக்கு மசியவில்லை.

"என்னம்மா செய்யிறீங்க?"

"உனக்கு ஒரு அண்ணன் இரிந்தான்."

"தெரியும். காணாமப்போன அண்ணன்."

"காணாமப்போகல்ல." ஒரு நூல் அறுந்தது. "உதயன் செத்துப்போனான் மன. உன்ட வயசில செத்துப்போனான்." கடைசி நூலும் அறுந்தது. "அவனுக்குப் பின்னால ஓடாத."

நிர்மலன் நிமிர்ந்து தாயைப் பார்த்தான். கவசத்தின் கம்பிகளுக்குள்ளிருந்து, நித்திரையால் எழும்பினவனைப்போலக் கண்ணைச் சிமிட்டினான்.

"குளிருதம்மா" என்றான். அதற்கு முன் அந்த மாதம் முழுக்க அவன் குளிர்கிறது என்று சொன்னதில்லை.

அவள் துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு பலகைக்குத் திரும்பினாள். சரிவின் விளிம்பைப் பார்க்காமல் நடந்தாள். புருஷன் அவளுடைய மூடிய கையைப் பார்த்தார், தன் கையை அதன்மேல் வைத்தார்.

இரண்டாம் பாதியில் துணி விழவில்லை. நிர்மலன் பந்தோடு ஓடினான். இடப்பக்கமாய் ஒரு மலைபோன்ற பெடியன் வந்தான். 'கிறுகு' என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இலட்சுமிப்பிள்ளைக்கு அந்தச் சொல் நாக்குவரை வந்து நின்றது. இடித்த சத்தம் மரம் பிளந்ததுபோல் கேட்டது. நிர்மலன் விழுந்தான். அம்மா என்று கத்தினான். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் அவளுக்கு மூச்சு வந்தது. தோளடியில் காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு கிழமையில் பொருந்திவிடும் என்றார் டாக்குத்தர். ஆந்தைகள் அந்த ஆட்டத்திலும் தோற்றார்கள்.

*

கோயில் மண்டபத்தில் தர்ப்பையால் ஓர் உருவம் செய்தார் ஐயர். அதன்மேல் இலட்சுமிப்பிள்ளை அந்தத் துண்டை வைத்தாள். இறந்தவரின் பெயர் என்ன என்று ஐயர் கேட்டார். அவள்தான் சொன்னாள். நிர்மலன் இடக்கையைக் கழுத்திலிருந்து தொங்கிய துணியில் கட்டியபடி வலக்கையால் செய்ய வேண்டியதைச் செய்தான்.

அந்த உருவத்தை எரித்த சாம்பலைக் கரைக்க ஆற்றங்கரைக்குப் போனார்கள். மைதானம் வெறுமையாய், கோடெல்லாம் பனியில் அழிந்து கிடந்தது. கரையோரம் கண்ணாடிபோல் உறைந்திருந்த தண்ணீரைக் காலால் உடைத்து நிர்மலன் சாம்பலை விட்டான். கறுப்புத் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது.

"இனித் திரும்பிப் பாராமல் போங்கோ" என்றார் ஐயர். "வீதிக்கு ஏறும்வரை ஒருதரும் திரும்பப்படாது." சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். பிறகு அரியரத்தினம். பிறகு தாயும் மகனும்.

பனி புதுசு. கால் வைக்க வைக்க நறுக்கு நறுக்கென்றது. பற்றையைத் தாண்டினபோது அவளுக்கு விளங்கியது: நாலு பேர் நடக்கிற சத்தத்தைவிடச் சத்தம் கூடவாக இருந்தது. பின்னால் ஒன்று, ஈரக்காலோடு, தாமதித்துத் தாமதித்து வந்தது.

மைதானத்தின் நடுவில் வைத்து அது கூப்பிட்டது.

"அம்மா, கிறுகு."

பதினாறு வருடம் அவள் கேட்கக் காத்திருந்த குரல். கொஞ்சமும் மாறாமல், பதினேழு வயதில் நின்றுபோன குரல். அவளுடைய கழுத்து நரம்பு தானாகவே திரும்ப முயன்றது. பக்கத்தில் நிர்மலனின் நடை தளர்ந்தது. அவள் கையை நீட்டி மகனின் பிடரியைப் பிடித்தாள். சின்னவயதில் தலை துவட்டும்போது பிடிக்கிற பிடி.

"அம்மா" என்றான் நிர்மலன், முன்னால் பார்த்தபடியே. "கேட்டதா உங்களுக்கு?"

"கேக்கல்ல மன" என்றாள். "நட."

இன்னொருதரம் கூப்பிட்டது. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கண்ணீர் தாடையில் உறைந்து கடித்தது. வீதி விளிம்பில் அரியரத்தினம் கை கொடுத்து அவர்களை மேலே ஏற்றினார். பின்னால் வந்த கால்கள் விளிம்புவரை வந்தன. அங்கே நின்றன. ஏறவில்லை.